மட்டக்களப்பு வெக்கையில் மரதன்: உங்கள் பேஸைக் கணக்கிடுவது எப்படி?

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, மருதமுனை என்று ஏ4 வீதியில் கல்முனை வரை போனால் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மரதன் அதைவிடக் கொஞ்சம் கூட, 42.195 கிலோமீற்றர். அந்த வீதியில் பாலங்களை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே, "சமதரைதானே, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் ஓடிவிடலாம்" என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் பக்கத்து மலையேற்றம் வெயில்தான். விடியப்புறம் 5 மணிக்கு இலேசாக இருக்கும் அதே வேகம் 8 மணிக்குப் பிறகு நெஞ்சை அடைக்கும். ஓட்டத் திட்டம் அந்த மூன்று மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் எழுதப்பட வேண்டும்.

பேஸ் என்பது ஒரு கிலோமீற்றரை ஓட எடுக்கும் நேரம். 6:30 என்றால் ஆறு நிமிடம் முப்பது செக்கன். இந்தக் குறிப்பு முதலாவது, இரண்டாவது மரதனுக்கு ஆயத்தமாகிறவர்களை, அதாவது கிழமைக்கு நான்கு நாள் ஓடி, 20 கிலோமீற்றரை ஏற்கெனவே ஒரு தடவையாவது நிற்காமல் ஓடியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்த நிலைக்கு இன்னும் வராதவர்கள் பேஸைப் பற்றிக் கவலைப்படாமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் தூரத்தைக் கூட்டினால் போதும்.

முதலில் ஒரு சோதனை ஓட்டம்

இலக்கு நேரத்தை ஆசையிலிருந்து எடுக்கக் கூடாது. நாலு மணித்தியாலம் என்பது கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அது உங்கள் கால்கள் சொன்ன எண்ணாக இருக்க வேண்டும். போட்டிக்கு நான்கு முதல் ஆறு கிழமைக்கு முன் 21.1 கிலோமீற்றரை, அதாவது அரை மரதனை, முழு முயற்சியோடு ஒருமுறை ஓடுங்கள். முடியாவிட்டால் 10 கிலோமீற்றர். ஆனால் 10 கிலோமீற்றரில் கிடைக்கும் எண் மரதனுக்குத் தூரத்து உறவுதான். பத்தில் வேகமாக இருப்பவர் நாற்பதில் தாக்குப்பிடிப்பார் என்று சொல்ல முடியாது.

சோதனை ஓட்டம் நம்பத்தக்கதாக இருக்கச் சில நிபந்தனைகள் உண்டு. முன்னைய இரண்டு நாளும் ஓய்வு, அல்லது மிக இலேசான ஓட்டம். போட்டிக்குப் போடப்போகும் அதே சப்பாத்து. போட்டி தொடங்கும் அதே நேரம். தார் வீதி அல்லது கொங்கிரீட் வீதி. கல்லடிக் கடற்கரை மணலில் எடுத்த நேரம் எதற்கும் உதவாது, மணலில் ஒவ்வொரு அடியிலும் உந்து விசையின் ஒரு பங்கு காலுக்குக் கீழேயே போய்விடும். டெங்கு, வைரஸ் காய்ச்சல் என்று ஏதாவது வந்து போயிருந்தால் உடம்பு முழுதாகத் தேறும்வரை சோதிக்க வேண்டாம். நோன்பு காலத்தில் எடுத்த நேரத்தையும் அடிப்படையாகக் கொள்ள வேண்டாம், அது உங்கள் உண்மையான அளவைக் குறைத்துக் காட்டும்.

தூரம் சரியா என்று பார்ப்பதற்கு ஏ4 வீதியோரக் கிலோமீற்றர் கற்களே போதும். ஒரு கல்லில், தூரத்தைச் செய்மதி மூலம் அளக்கும் ஜிபிஎஸ் மணிக்கூட்டை அமுக்கி, அதிலிருந்து ஐந்தாவது கல் வரை ஓடுங்கள். 5.00 முதல் 5.05 வரை காட்டினால் மணிக்கூடு ஒழுங்காக வேலை செய்கிறது. வீதி வேலைகளில் சில கற்கள் இடம் மாறியிருக்கலாம் என்பதால் ஒற்றைக் கல்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஐந்தின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். மைதானத்தில் ஓடுவதென்றால் ஒரு சுற்று எத்தனை மீற்றர் என்பதை அங்குள்ள பயிற்றுநரிடம் கேட்டு, உள்ஒழுங்கையில் ஓடிச் சுற்றுகளை எண்ணுங்கள். வளைவுகளில் ஜிபிஎஸ் தடுமாறும்.

ஓட்டத்தின் முதல் 3 கிலோமீற்றரை அடக்கி ஓடுங்கள். கடைசி 5 கிலோமீற்றர் முதல் 5 கிலோமீற்றரைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தியிருந்தால், நீங்கள் தொடக்கத்திலேயே அவசரப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பழக்கம் மரதனிலும் உங்களோடு கூடவே வரும், எனவே கீழே வரும் பெருக்கத்தில் கூடிய எண்ணை எடுங்கள்.

பெருக்கம், பிறகு வகுத்தல்

அமெரிக்கப் பொறியியலாளர் பீற்றர் ரீகல் 1977இல் வெளியிட்ட சூத்திரம்தான் இணையத்தில் உள்ள பெரும்பாலான கணிப்பான்களின் அடித்தளம். தூரம் கூடும்போது நேரம் அதே விகிதத்தில் கூடாது, தூர விகிதத்தின் 1.06ஆம் அடுக்காகக் கூடும் என்பது அதன் சாரம். நடைமுறையில் இதன் பொருள்: அரை மரதன் நேரத்தை 2.085ஆல் பெருக்குங்கள், 10 கிலோமீற்றர் நேரத்தை 4.6ஆல் பெருக்குங்கள்.

ஆனால் 2.085 எல்லோருக்கும் பொருந்தாது. கிழமைக்கு 70, 80 கிலோமீற்றர் ஓடி, 30 கிலோமீற்றர் நீண்ட ஓட்டங்களைப் பலமுறை முடித்தவருக்குத்தான் அது சரிவரும். கிழமைக்கு 40, 50 கிலோமீற்றர் ஓடுகிறவர், அதாவது வேலை, வீடு, வயல், கடை எல்லாவற்றுக்கும் இடையில் ஓடுகிற எங்களில் பெரும்பாலானோர், 2.2 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 10 கிலோமீற்றர் நேரம் மட்டுமே கையில் இருந்தால் 5ஆல் பெருக்குங்கள்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோவோம். அரை மரதன் நேரம் 2 மணி 5 நிமிடம், அதாவது 125 நிமிடம். 2.085ஆல் பெருக்கினால் 4 மணி 20 நிமிடம் 37 செக்கன். 2.2ஆல் பெருக்கினால் 275 நிமிடம், 4 மணி 35 நிமிடம். இரண்டுக்கும் இடையில் கால் மணி நேரம். கிழமைக்கு 45 கிலோமீற்றர் ஓடும் ஒருவருக்கு 4:35தான் இலக்கு, 4:20 அல்ல.

இப்போது வகுத்தல். எல்லாவற்றையும் செக்கனாக மாற்றுங்கள்: 4 மணி 14,400 செக்கன், 35 நிமிடம் 2,100 செக்கன், மொத்தம் 16,500. இதை 42.195ஆல் வகுத்தால் 391. அதிலிருந்து 360ஐக் (ஆறு நிமிடத்தை) கழித்தால் 31. ஆக, பேஸ் 6:31.

செக்கனாக மாற்றாமல் நிமிடத்திலேயே வகுக்கிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 275ஐ 42.195ஆல் வகுத்தால் போனில் 6.517 என்று வரும். அதை 6 நிமிடம் 52 செக்கன் என்று வாசித்துவிடுகிறார்கள். தசம் 0.517ஐ 60ஆல் பெருக்க வேண்டும், அப்போதுதான் 31 வரும். இந்த ஒரு வாசிப்புப் பிழை முழு ஓட்டத்திலும் கால் மணி நேரத்துக்குச் சமன்.

கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்கு: 4 மணிக்கு 5:41, 4:15க்கு 6:03, 4:30க்கு 6:24, 4:45க்கு 6:45, 5 மணிக்கு 7:07, 5:30க்கு 7:49, 6 மணிக்கு 8:32.

மணிக்கூடு காட்டுவதும் வீதி சொல்வதும்

முறைப்படி அளக்கப்பட்ட மரதன் பாதையில், வளைவுகளின் உட்கரையை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்தான் 42.195 கிலோமீற்றர் அளக்கப்படுகிறது. நீங்கள் அந்தக் கோட்டில் ஓடப்போவதில்லை. கூட்டத்தை விலத்துவீர்கள், தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவீர்கள், வளைவில் வெளிப்பக்கமாகப் போவீர்கள். முடிவுக் கோட்டில் மணிக்கூடு 42.5, 42.6 என்று காட்டுவது வழமை. பாதையைக் கூட்டி அளந்துவிட்டார்கள் என்று ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அதோடு தண்ணீர் மேசைகள். பன்னிரண்டு இடத்தில் தலா 15 செக்கன் நடந்து குடித்தால் மொத்தம் 3 நிமிடம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்: 16,500 செக்கனில் 180ஐக் கழித்து 42.6ஆல் வகுத்தால் 383 செக்கன், 6:23. அதாவது 4:35இல் முடிக்க விரும்புகிறவர், ஓடிக்கொண்டிருக்கும்போது மணிக்கூட்டில் காண வேண்டிய பேஸ் 6:23. மணிக்கூட்டில் 6:31ஐயே கண்ணும் கருத்துமாகக் காத்து, தண்ணீர் மேசையில் நடந்தும் போனவர் 4:40ஐத் தாண்டித்தான் முடிப்பார். கடைசி 2 கிலோமீற்றரில் "எல்லாம் சரியாகத்தானே வந்தேன், எப்படிப் பிந்தினேன்?" என்று குழம்புகிறவர்களில் பலரின் கணக்கு இங்கேதான் உதைத்திருக்கும்.

மணிக்கூட்டில் மூன்று மாற்றங்களைச் செய்துவையுங்கள். தானாக நின்று தொடங்கும் ஓட்டோ போஸை நிறுத்துங்கள், போட்டிக் கடிகாரம் உங்களுக்காக நிற்காது. அந்தந்தக் கணத்துப் பேஸைக் காட்டும் பக்கத்தை எடுத்துவிட்டு, நடப்புக் கிலோமீற்றரின் சராசரிப் பேஸைக் காட்டும் பக்கத்தை வையுங்கள். கணத்துப் பேஸ் தென்னை மர நிழலுக்குள் போனாலே 5:50, 7:10 என்று துள்ளும், அதைத் துரத்தினால் கால்தான் களைக்கும். ஒவ்வொரு கிலோமீற்றரின் நேரத்தையும் பிரித்துக் குறிக்கும் லப்பைக் கையால் அமுக்கும் முறைக்கு மாற்றி, வீதியோரத்துக் கிலோமீற்றர் பலகையைக் கடக்கும்போது நீங்களே அமுக்குங்கள். கல்லடி, பாசிக்குடா போன்ற திறந்த வெளிகளில் ஜிபிஎஸ் நன்றாகவே இருக்கும். கொழும்பில் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே ஓடும்போது அது உங்களை அடுத்த தெருவில் கொண்டுபோய் வைக்கும், அங்கே பலகைதான் துணை.

வெயிலுக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது?

உடம்பு சூடாகும்போது இரத்தத்தின் ஒரு பங்கு தோலை நோக்கித் திருப்பப்படுகிறது. வியர்வையால் இரத்தத்தில் உள்ள நீரும் குறைகிறது. கால்களுக்கு அதே அளவு ஒட்சிசனைக் கொடுக்க இதயம் அடிக்கடி அடிக்க வேண்டும். காற்றில் ஈரப்பதன் கூடிய எங்கள் கரையோரத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி விழுகிறது; சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆகவேதான் பேஸ் மாறாமல் இருக்கும்போதே இதயத் துடிப்பு மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் ஏறுகிறது. நீண்ட ஓட்டத்தின் முடிவில் நிமிடத்துக்கு 10, 15 துடிப்பு கூடியிருப்பது சாதாரணம்.

கெனியாவின் கெல்வின் கிப்டும் 2023 சிக்காகோ மரதனை 2:00:35இல் முடித்தபோது முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. இரண்டாம் பாதியை விரைவாக ஓடுவதே சிறந்தது என்ற பாடம் இப்படியான ஓட்டங்களிலிருந்து வருகிறது. குளிர்காலம் நெருங்கும் ஒக்டோபர் மாதச் சிக்காகோவுக்கு அது சரி. 26 பாகையில் தொடங்கி 30 பாகையில் முடியும் ஓட்டத்துக்கு அதை அப்படியே எடுத்தால், முதல் பாதியை அளவுக்கு மீறி மெதுவாக ஓடி, குளிர்ச்சியான நேரத்தை வீணாக்கி, சூட்டில் வேகம் கூட்டப் பார்த்து உடைந்துபோவீர்கள். இங்கே நோக்கம் ஒரே அளவு முயற்சி. வேகம் அதற்கேற்பப் பின்பகுதியில் இலேசாகக் குறையட்டும். இரண்டாம் பாதி முதல் பாதியைவிட 2 முதல் 4 சதவீதம் பிந்துவது நல்ல திட்டம். பத்து சதவீதம் பிந்தினால் அது தொடக்கத்து அவசரத்தின் விளைவு.

சோதனை ஓட்டத்தை இதே ஊரில், இதே பருவத்தில் செய்திருந்தால் வெயிலின் ஒரு பங்கு அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் இன்னொருமுறை சதவீதம் கூட்ட வேண்டாம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ குளிரில் ஓடிப் பழகி, விடுமுறைக்கு ஊர் வந்து ஓடுகிறவர்கள் நிலை வேறு. அவர்கள் தங்கள் பேஸில் குறைந்தது 5 சதவீதம் கூட்ட வேண்டும்: 6:31 என்பது 6:51 ஆகும். அதுவும் பத்து, பதினான்கு நாள் இங்கே ஓடி உடம்பைப் பழக்கிய பிறகு. விமானத்தில் இறங்கிய மூன்றாம் நாள் ஓடுவதென்றால் நேரத்தை மறந்து முடிப்பதை மட்டும் நினையுங்கள்.

கச்சான் காற்றுக் காலம் தனி. வைகாசி தொடங்கி ஆவணி வரை தரைப்பக்கமிருந்து வரும் அந்தக் காய்ந்த சூட்டில் வியர்ப்பதே தெரியாது, உப்புப் படிந்த பிறகுதான் தெரியும். அந்த நாட்களில் பயிற்சிப் பேஸைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள்.

தாளில் எழுத வேண்டிய திட்டம்

4:35க்கான திட்டம் இது. தொடக்கம் காலை 5 மணி என்று வைத்துக்கொண்டது. நேரங்கள் எல்லாம் கிலோமீற்றர் பலகையைக் கடக்கும்போது கடிகாரம் காட்ட வேண்டியவை, தண்ணீர் மேசை நிற்பும் இதற்குள் அடக்கம்.

முதல் 5 கிலோமீற்றர், 6:35 வீதம்: 32:55
10ஆவது கிலோமீற்றர், 5இலிருந்து 6:25 வீதம்: 1:05:00
15: 1:37:05
20: 2:09:10
அரைவழி: 2:16:12
25: 2:41:15
30, 25இலிருந்து 6:35 வீதம்: 3:14:10
35: 3:47:05
40, 35இலிருந்து 6:40 வீதம்: 4:20:25
முடிவு: 4:35

25ஐக் கடக்கும்போது காலை 7:41. வெயில் உறைக்கத் தொடங்கும் அந்த இடத்தில்தான் திட்டமும் கிலோமீற்றருக்கு 10 செக்கன் மெதுவாகிறது. 35ஆம் கிலோமீற்றரில் 8:47. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் வித்தியாசம் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல்.

உங்கள் இலக்கு வேறென்றால் இதே வடிவத்தைக் கையாளுங்கள்: சராசரிப் பேஸோடு முதல் 5க்கு 4 செக்கன் கூட்டுங்கள், 5இலிருந்து 25 வரை 6 செக்கன் குறையுங்கள், 25இலிருந்து 35 வரை 4 கூட்டுங்கள், கடைசிக்கு 9 கூட்டுங்கள். ஐந்தரை, ஆறு மணி நேரம் எடுப்பவர்கள் பத்தரை, பதினொரு மணி வெயிலில் முடிப்பார்கள், அவர்கள் கடைசிப் பகுதிக்கு 20 செக்கன் வரை கூட்டி, 5க்கும் 25க்கும் இடையில் அதற்கு ஈடு தேடாமல், மொத்த நேரத்தையே கொஞ்சம் நீட்டி எழுதுவது நல்லது.

இந்த 6 செக்கன் முந்துதலை "நேரம் சேமித்தல்" என்று நினைத்து 20 செக்கனாக ஆக்கிவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 6:31க்குப் பதில் 6:11 ஓடினால் 20 கிலோமீற்றரில் கிடைப்பது 6 நிமிடம் 40 செக்கன். அதன் விலையாகக் கடைசி 12 கிலோமீற்றரைக் கிலோமீற்றருக்குப் பத்து நிமிடமாக நடக்க நேர்ந்தால் இழப்பு 41 நிமிடத்துக்கு மேல்.

திட்டத்தைச் சின்ன எழுத்தில் ஒரு தாள் துண்டில் எழுதி, இரண்டு பக்கமும் செலோடேப் ஒட்டி, மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். பேனையால் கையில் எழுதினால் ஆறாவது கிலோமீற்றரிலேயே வியர்வை அழித்துவிடும். 5இன் மடங்குகள் மட்டும் போதும். களைத்த மூளைக்கு 42 வரி வாசிக்க முடியாது.

ஒத்திகை

போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் 26 கிலோமீற்றர்: முதல் 10 இலேசாக, அடுத்த 16 இலக்குப் பேஸில். இதை விடியப்புறம் 4 மணிக்குத் தொடங்கி வெயிலுக்கு முன் முடித்துவிட்டால் மனம் குளிரும், தகவல் கிடைக்காது. 5:45க்குத் தொடங்குங்கள், கடைசிப் பகுதி 8 மணிக்குப் பிந்தியதாக இருக்கட்டும். மற்ற நீண்ட ஓட்டங்களைக் குளிர்ச்சியான நேரத்தில் ஓடலாம், இந்த ஒன்று மட்டும் வெயிலோடு நடக்க வேண்டும்.

இலக்குப் பேஸில் ஓடிய 16 கிலோமீற்றரில், முதல் 4இன் சராசரி இதயத் துடிப்பையும் கடைசி 4இன் சராசரியையும் ஒப்பிடுங்கள். 10 துடிப்புக்குள் ஏறியிருந்தால் இலக்கு சரி. 15ஐத் தாண்டியிருந்தாலோ, பேஸைக் காப்பதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தாலோ இலக்குப் பேஸில் 10 செக்கன் கூட்டுங்கள். இதயத் துடிப்பு அளக்கும் மணிக்கூடு இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: இலக்குப் பேஸில் ஓடும்போது நாலைந்து சொல் உள்ள வசனத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது அரை மரதன் வேகம்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். கல்லடிப் பாலத்தைச் சுற்றி ஓடும்போது பாலத்தின் சின்ன ஏற்றத்தில் பேஸ் சில செக்கன் கூடுவது இயல்பு, அதை இறக்கத்தில் துரத்திப் பிடிக்க வேண்டாம். காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் பகுதி காலை ஆறரைக்குப் பிறகு சனநெருக்கம், அதற்குள் கடந்துவிடுங்கள் அல்லது கடற்கரை வீதியால் போங்கள். அம்பாறைப் பக்கம் பொத்துவில், பாணமை வீதிகளில் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடியாமல் அங்கே தனியே ஓடக் கூடாது, எந்தப் பேஸும் அதைவிடப் பெரிதல்ல.

பேஸைத் தாங்கும் சாப்பாடும் தண்ணீரும்

ஓட்டத்துக்கு உடம்பு செலவழிப்பது, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீற்றருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி. 65 கிலோ உள்ளவருக்கு முழு மரதனுக்கும் 2,700க்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாச்சத்து ஏறக்குறைய 2,000 கிலோகலோரி. மிச்சத்தில் ஒரு பங்கைக் கொழுப்புத் தரும், ஆனால் கொழுப்பிலிருந்து சக்தி மெதுவாகத்தான் வரும். வேகமாக ஓட ஓட மாச்சத்துப் பங்கு கூடுகிறது. 30ஆம் கிலோமீற்றருக்குப் பிறகு கால் கல்லாகிப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். அவசரப்பட்ட தொடக்கத்தின் கடன் அங்கேதான் வசூலாகிறது.

மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். 40ஆவது நிமிடத்தில் தொடங்குங்கள், பசிக்கும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். ஓட்ட ஜெல் (ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழ்) ஒரு பைக்கற்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம். ஜெல் விலை கட்டாதென்றால் விதை எடுத்த நடுத்தரப் பேரீச்சம்பழம் ஐந்தில் ஏறக்குறைய 30 கிராம் கிடைக்கும். 30 கிராம் குளுக்கோஸ் தூளை அரை லீற்றர் தண்ணீரில் கரைத்தாலும் அதே அளவு. எதுவாக இருந்தாலும் நீண்ட ஓட்டங்களில் பழகியதை மட்டும் போட்டியில் எடுங்கள், பழகாத வயிறு 25ஆம் கிலோமீற்றரில் பழிவாங்கும்.

ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள்) உப்புக்கு நல்லது. ஆனால் அதன் ஒரு லீற்றரில் குளுக்கோஸ் 13.5 கிராம் அளவுதான், அதை மட்டும் நம்பி ஓடினால் சக்தி போதாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆனால் வியர்வையில் நாம் இழக்கும் சோடியம் அதில் குறைவு. ஓடி முடித்த பிறகு ஆசைதீரக் குடியுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதை எடை சொல்லும். பயிற்சி நாளொன்றில் ஓடுவதற்கு முன் எடை பாருங்கள், ஒரு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் இலக்குப் பேஸில் ஓடி, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் வியர்வை. இங்கே மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றரைத் தாண்டுகிறவர்கள் பலர். அது முழுவதையும் திருப்பிக் குடிக்க வயிறு இடம் தராது, தேவையும் இல்லை. தாகத்துக்குக் குடித்து, மணித்தியாலத்துக்கு 400 முதல் 800 மில்லிலீற்றருக்குள் நிற்பது பெரும்பாலானோருக்குச் சரி. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தால் அது ஆபத்து. அளவுக்கு மீறிய வெறும் தண்ணீர் இரத்தத்தின் சோடியத்தை இறக்கிவிடும், மெதுவாக ஓடி எல்லா மேசையிலும் நின்று குடிக்கிறவர்களுக்குத்தான் இது கூடுதலாக நடக்கிறது.

ஓடும் நாளில்

4 மணிக்கு எழுந்து வெளியே வந்து நில்லுங்கள். நிற்கும்போதே புழுக்கத்தில் கழுத்து நனைந்தால் முதல் கிலோமீற்றரிலிருந்தே 10 செக்கன் கூட்டுங்கள். 6:31 சராசரி 6:41 ஆகும், மொத்தம் ஏழு நிமிடம் பிந்தும். தொடக்கத்திலேயே கொடுக்கும் ஏழு நிமிடம், பின்னால் பிடுங்கப்படும் நாற்பதைவிட மேல்.

10ஆம் கிலோமீற்றரில் 1:04க்கு முந்தி வந்துவிட்டால் அடுத்த கிலோமீற்றர்களில் பேஸில் 10 செக்கன் கூட்டி மெதுவாக ஓடுங்கள், திடீரென்று நின்று நடக்க வேண்டாம். இரண்டு நிமிடம் பிந்தி வந்தால் அதை ஒரே கிலோமீற்றரில் மீட்கப் பார்க்காமல், அடுத்த 20 கிலோமீற்றரில் கிலோமீற்றருக்கு 5, 6 செக்கனாகப் பரப்புங்கள். 30இல் கால் இலேசாக இருந்தால் 5 செக்கன் முந்தலாம், அதற்கு முன் வரும் எந்த உற்சாகத்தையும் நம்ப வேண்டாம். 30இலேயே திட்டம் கைநழுவியிருந்தால் இரண்டாவது இலக்குக்கு மாறுங்கள்: ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மூன்றாவது இலக்கு, சொந்தக் காலில் முடிவுக் கோட்டைக் கடப்பது.

வெயிலில் குளிர்வது போல் மயிர்க்கூச்செறிதல், வியர்வை நின்றுபோதல், தலைசுற்றல், பலகையில் உள்ள எண்ணை வாசித்தும் விளங்காமல் இருத்தல். இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி, நிழலுக்குப் போய், ஆளைக் கூப்பிடுங்கள். தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் தடுமாறித் தொடர்பில்லாமல் பேசினால் நீங்கள் நின்று அவரைப் பிடியுங்கள்.

முடித்த பிறகு ஒரு கணக்கு

உங்கள் மரதன் நேரத்தை உங்கள் அரை மரதன் நேரத்தால் வகுத்து வையுங்கள். 4:48இல் முடித்திருந்தால் 288ஐ 125ஆல் வகுக்க 2.3 வரும். அடுத்த முறை 2.085உம் வேண்டாம், 2.2உம் வேண்டாம், இந்த 2.3ஆல் பெருக்குங்கள். கூடவே அன்றைய தொடக்க நேரம், வெப்பநிலை, கடைசி 12 கிலோமீற்றரின் சராசரிப் பேஸ், எத்தனை மேசையில் நின்றீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். கடைசி 12இன் பேஸ் திட்டத்தைவிட 30 செக்கனுக்கு மேல் பிந்தியிருந்தால், அடுத்த பயிற்சிக் காலத்தில் வேக ஓட்டங்களைக் கூட்டாமல் 28 முதல் 30 கிலோமீற்றர் நீண்ட ஓட்டங்களை இன்னும் மூன்றால் கூட்டுங்கள்.